இரண்டு பான்கள்

வங்காளிகளின் பேச்சில் இரண்டு சொற்கள் உண்டு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்: பான். முதலெழுத்தை அழுத்திச் சொன்னால் வெற்றிலை. அதிர்த்துச் சொன்னால் ஆற்றில் எதிர்த்து ஏறி வரும் வெள்ளம். கடல் ஓதம் ஹூக்ளியின் குறுகலான வாய்க்குள் நுழைந்து, ஒடுங்க ஒடுங்க உயர்ந்து, தண்ணீர்ச் சுவராக மேல்நோக்கி ஓடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் அது ஆளுயரத்தையும் தாண்டும். அப்போது கரையோரப் படகுகளை அவிழ்த்து நடு ஆற்றுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஆழம் மிகுந்த இடத்தில் அலையின் மூர்க்கம் குறைவு.

அந்த ஆற்றின் மேல் நிற்கும் ஹவுரா பாலத்துக்கு இரண்டு பானோடும் வழக்கு உண்டு. தண்ணீரோடு உள்ள வழக்கு பழையது, பொறியாளர்கள் எதிர்பார்த்தது. வெற்றிலையோடு உள்ள வழக்கை யாரும் எதிர்பார்க்கவில்லை.

2011இல் பாலத்தைச் சோதித்தவர்கள் நடைபாதையோரம் குனிந்து பார்த்தார்கள். மேலேயிருந்து பாலத்தின் தளத்தைத் தாங்கித் தொங்கும் எஃகுத் தண்டுகளின் அடியில், தண்ணீர் இறங்காமல் இருக்க ஒரு மூடி போட்டிருப்பார்கள். 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடு. 2007இல் இருந்த அந்தத் தடிமன் நான்கே வருடத்தில் 3 மில்லிமீட்டருக்கும் கீழே போயிருந்தது. தகட்டின் மேல் சிவப்பாக வழிந்து காய்ந்திருந்தது வெற்றிலை எச்சில்.

பத்திரிகைகள் 'எச்சிலால் கரையும் பாலம்' என்ற தோரணையில் எழுதின. கொஞ்சம் நியாயமாகச் சொல்வதென்றால், கரைந்தது பாலம் அல்ல, பாலத்தின் குடை. அந்த மூடி எந்தப் பாரத்தையும் சுமப்பதில்லை. ஆனால் குடை கிழிந்தால் நனைவது தலை. தொங்குதண்டும் தளத்தின் குறுக்கு உத்தரமும் சேரும் மூட்டுக்குள் தண்ணீர் இறங்கினால், அங்கே நடப்பது வெளியே தெரியாது. அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் 1967 டிசம்பரில் ஒரு மாலை நேரத்தில் மொத்தமாக ஆற்றில் விழுந்து 46 பேர் இறந்தார்கள். பாலத்தைத் தாங்கிய சங்கிலியில், ஒரே ஒரு கண்ணியின் மூட்டுக்குள், துருவும் இழுவிசையும் சேர்ந்து உண்டாக்கிய ஒரு விரிசல்தான் காரணம். அதன் ஆழம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். அது கண்ணுக்குப் படாத இடத்தில் இருந்தது.

எனவே குடை முக்கியம். ஆனால் எச்சிலுக்கு வருமுன் தண்ணீரின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

கல்கத்தாவுக்கும் ஹவுராவுக்கும் நடுவில் முதலில் இருந்தது மிதவைப் பாலம். சர் பிராட்ஃபோர்ட் லெஸ்லி வடிவமைத்தது. வரிசையாக மிதக்கும் தொட்டிகள், மேலே மரத்தளம், கப்பல் போக நடுவில் 200 அடியைக் கழற்றி விலக்கிக்கொள்ளும் ஏற்பாடு. 1874 மார்ச்சில், வேலை முடியும் தறுவாயில், புயலில் கட்டறுந்த 'எஜீரியா' என்ற நீராவிக் கப்பல் மோதி மூன்று தொட்டிகளை மூழ்கடித்தது. அதையும் சரிசெய்து அக்டோபரில் திறந்தார்கள். மிதவைப் பாலம் ஆற்றோடு சேர்ந்து ஏறும், இறங்கும். ஓதம் தாழ்ந்திருக்கும்போது கரையிலிருந்து பாலத்துக்கு இறக்கம் செங்குத்தாகும், மாட்டுவண்டிகள் திணறும். கப்பலுக்காகத் திறந்துவிட்டால் ஊரே இரண்டு கரையிலும் காத்து நிற்கும். ரயில் நிலையம் ஒரு கரை, நகரம் மறு கரை. சென்னை–ஹவுரா மெயிலில் போய் இறங்கியவர்களுக்கு அந்த இடைவெளி தெரியும். வாசலை விட்டு வெளியே வந்தால் எதிரே ஆறு.

புதுப் பாலம் எப்படி இருக்க வேண்டும் என்று குழுக்கள் கூடிப் பேசியே வருடங்கள் போயின. சர் ராஜேந்திரநாத் முகர்ஜி தலைமையிலான குழு 1921இல் உட்கார்ந்தது. சட்டம் வந்தது 1926இல். வேலை தொடங்கியது 1936இல். ஒரு விஷயத்தில் மட்டும் குழப்பமில்லை: ஆற்றுக்குள் தூண் கூடாது. ஹூக்ளி வண்டல் சுமக்கும் ஆறு. நடுவில் ஒரு தூணை நட்டால் அதன் பின்னால் மணல் திட்டுக் கட்டும், கப்பல் வழி மாறும், துறைமுகம் படுக்கும். ஆகவே இரு கரையிலும் இரண்டு கோபுரம், நடுவே 457 மீட்டர் வெறும் காற்று.

அந்தக் கோபுரங்களுக்கு அஸ்திவாரம் போட்ட முறை நம் ஊர்க் கிணறுவெட்டிகளுக்குப் புரியும். மணற்பாங்கான இடத்தில் உறைக்கிணறு இறக்கும்போது, உறையைத் தரையில் வைத்துவிட்டு உள்ளிருந்து மண்ணை அள்ளுவார்கள். அள்ள அள்ள உறை தன் பாரத்தாலேயே இறங்கும். கெய்சன் என்பதும் அதுதான், அளவு மட்டும் வேறு. இங்கே ஒரு 'உறை' 55 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், உள்ளே 21 கிணறுகள். ஹவுரா பக்கம் திறந்த கிணறாகவே தோண்டினார்கள். கல்கத்தா பக்கம் மணல் ஓடிவந்து நிரப்பிக்கொண்டே இருந்ததால் உள்ளே காற்றை அழுத்தி ஏற்றி, அந்தக் காற்றழுத்தத்தால் தண்ணீரையும் மணலையும் வெளியே தள்ளி நிறுத்தி, அதற்குள் ஆட்கள் இறங்கி வேலை செய்தார்கள். இரவும் பகலும். உள்ளிருந்து நங்கூரங்களும் பீரங்கிக் குண்டுகளும் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து நாணயங்களும் பித்தளைப் பாத்திரங்களும் மண்ணோடு மேலே வந்தன.

ஒரு ராத்திரி மண் அள்ளிக்கொண்டிருக்கையில் அடியில் தரை சட்டென்று இளகி, அவ்வளவு பெரிய கெய்சனும் ஒரே மூச்சில் இரண்டடி இறங்கியது. கிதர்பூரில் இருந்த நிலநடுக்கமானி அதைப் பூகம்பமாகவே பதிவு செய்ததாகச் சொல்வார்கள். கரையிலிருந்த கோயில் ஒன்று இடிந்தது. பிறகு கட்டிக் கொடுத்தார்கள். கல்கத்தா பக்கக் கெய்சன் கடைசியில் தரைமட்டத்துக்கு 31 மீட்டர் கீழே போய் அமர்ந்தது.

மேலே எழுந்தது நெடுங்கைப் பாலம். பாரம் ஏற்றிய மாட்டுவண்டியை நினைத்துக்கொண்டால் போதும். அச்சுக்குப் பின்னால் சுமை அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். மாட்டின் கழுத்தில் கட்டிய கயிறு அதைக் கீழே இழுத்துப் பிடிக்கும். இங்கே அச்சு என்பது 85 மீட்டர் உயரக் கோபுரம். பின்பாரம், ஆற்றுக்கு மேல் நீண்ட 143 மீட்டர்க் கை. நுகத்தடி, கரைப்பக்கம் உள்ள 99 மீட்டர்க் கை. அதன் நுனி சதா மேலே எழும்ப முயல்கிறது. தரையில் புதைத்த நங்கூர அமைப்பு அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாலத்தில் கூட்டம் அதிகமானால் அந்த நுனி கீழே அழுந்தும் என்றுதான் தோன்றும். ஆனால் ஆற்றின் நடுவில் கூட்டம் சேரும்போது அது இன்னும் பலமாக மேலே இழுக்கும். இரண்டு கரையிலிருந்தும் நீளும் இரண்டு கைகளுக்கு நடுவே 172 மீட்டர்த் துண்டு ஒன்று தொங்குகிறது. இரண்டு வண்டிகள் பின்பக்கம் பார்த்து நிற்க, நடுவில் ஒரு பலகையைப் போட்ட மாதிரி.

எஃகைப் பொருத்த ஆற்றுக்குள் சாரம் கட்டவில்லை. பாலத்தின் மேல் விளிம்பிலேயே ஊர்ந்து போகும் கிரேன்கள் தமக்கு முன்னால் பாலத்தைக் கட்டிக்கொண்டே நகர்ந்தன. 1941 டிசம்பரில் இரு பக்கமும் நடுவில் நெருங்கின. ஒவ்வொன்றும் 800 டன் தள்ளக்கூடிய 16 நீரழுத்த ஜாக்கிகளை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பொருத்தினார்கள். எஃகு நிலையாக நிற்கும் பொருள் அல்ல. ஒரு பாகை வெப்பம் ஏறினால் ஒரு மீட்டர் எஃகு 0.012 மில்லிமீட்டர் நீளும். அற்பம்தான். ஆனால் 655 மீட்டர் பாலத்துக்கும், மார்கழி விடியலிலிருந்து சித்திரை உச்சிவெயில் வரையிலான முப்பது பாகைக்கும் கணக்குப் போட்டால் ஒரு சாண் வருகிறது. வருடத்துக்கு ஒரு முறை ஒரு சாண் நீண்டு ஒரு சாண் சுருங்கும் இந்தப் பொருளுக்கு மூட்டுகளில் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

மொத்தம் 26,500 டன் எஃகு. இங்கிலாந்திலிருந்து வர வேண்டியது, ஆனால் போர் வந்துவிட்டது. வந்து சேர்ந்தது 3,000 டன். மீதியை ஜாம்ஷெட்பூரில் டாடா ஆலை உருக்கியது. குரோமியமும் செம்பும் சிறிதளவு சேர்த்த 'டிஸ்க்ரோம்' என்ற உயர்வலிமை எஃகு. செம்பு கலந்த எஃகில் துரு அடர்த்தியான படலமாகப் படிந்து அடுத்த துருவைத் தாமதப்படுத்தும். 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாவில் குண்டு போட்டன. 1943 பிப்ரவரி 3 அன்று பாலம் திறந்தது. விழா இல்லை, விளம்பரம் இல்லை. முதலில் கடந்தது தனியாகப் போன ஒரு டிராம் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அன்று உலகத்திலிருந்த நெடுங்கைப் பாலங்களில் இது மூன்றாவது நீளமானது.

'நட்டும் போல்ட்டும் இல்லாத பாலம்' என்று இதற்கு ஒரு பெருமை உண்டு. எல்லாம் ரிவிட். ரிவிட் என்ற சொல்லை நம் பையன்கள் வேறு அர்த்தத்தில் பயன்படுத்தி அதன் மானத்தைக் கெடுத்துவிட்டார்கள். உண்மையில் அழகான பொருள். செக்கச் சிவக்கக் காய்ச்சிய குட்டை ஆணியைத் தகடுகளின் துளைக்குள் விட்டு, மறுபக்கம் பிதுங்கும் முனையை அடித்துத் தலையாக்குவார்கள். அது ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது இரண்டு தலைகளும் தகடுகளை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கும். அந்தப் பிடிதான் பலம்.

பலவீனமும் அங்கேதான். எவ்வளவு நெருக்கினாலும் இரண்டு தகடுகளுக்கு நடுவே முடியளவு சந்து இருக்கும். மழைத்தண்ணீர் அதற்குள் ஏறும், வெயிலுக்குச் சீக்கிரம் காயாது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு இடம் கேட்கும். அடைபட்ட இடத்தில் வீங்குகிற துரு, தகட்டை வில்லாக வளைக்கும், ரிவிட்டின் தலையைத் தெறிக்கவிடும். பழைய எஃகுப் பாலங்களைச் செப்பனிடுகிறவர்கள் முதலில் தேடுவது இந்த வீக்கத்தைத்தான். விரலால் தடவினாலே தெரியும், நேராக இருக்க வேண்டிய விளிம்பு அலை அலையாக இருக்கும். போன ரிவிட்டுக்குப் பதில் இன்று பெரும்பாலும் உயர்வலிமை போல்ட்டுதான் போடுகிறார்கள். காய்ச்சி, எறிந்து, பிடித்து, அடித்து முடிக்கும் அந்தக் கோஷ்டிகள் எங்கும் அருகிவிட்டன.

இனி வெற்றிலை.

சாதாரணமாகச் சொல்லப்படும் விளக்கம், 'பான் எச்சில் அமிலம், அமிலம் இரும்பை அரிக்கும்' என்பது. எனக்கு இதில் சமாதானம் இல்லை. வெற்றிலையில் தடவுவது சுண்ணாம்பு. சுண்ணாம்பு அமிலத்துக்கு நேர் எதிர், கடுமையான காரம். காரச் சூழலில் இரும்பு துருப்பிடிக்காது. கான்கிரீட்டுக்குள் கம்பி பல பத்தாண்டுகள் தாங்குவதே சிமெண்டின் காரத்தன்மையால்தான். போதாக்குறைக்குப் பாக்கிலும் காசுக்கட்டியிலும் இருப்பது துவர்ப்புச் சத்து, டானின். துருவின் மேல் பூசிக் கறுப்புப் படலமாக மாற்றும் திரவங்கள் கடையில் கிடைக்கின்றனவே, அவற்றில் பலவற்றின் சரக்கு அதே டானின். காகிதத்தில் பார்த்தால் தாம்பூலம் பாலத்துக்கு மருந்து!

ஆனால் தகடு பாதியானது உண்மை. என்ன நடந்திருக்கும்? முதலில் பெயின்ட்டைப் பாருங்கள். எஃகின் முதல் காவல் அதுதான். எண்ணெய்யை அடிப்படையாகக் கொண்ட பெயின்ட்டுக்குக் காரம் ஆகாது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு என்பது பள்ளிக்கூடப் பாடம். சுண்ணாம்பு பட்ட இடத்தில் பெயின்ட் படலம் மெதுவாகச் சோப்பாகி, இளகி, உரிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். காவல் போன பிறகு சுண்ணாம்பும் உதவாது. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சில நாளில் அது வெறும் சுண்ணாம்புக்கல் தூளாகிவிடும், காரம் போய்விடும். மிச்சமிருப்பது உமிழ்நீரின் உப்பும், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பாக்குத் திப்பியும்.

அந்தத் திப்பிதான் விஷயம். தகட்டின் மேல் அது ஒட்டிக்கிடக்கும்போது அதன் நடுப்பகுதிக்குக் காற்று போகாது, விளிம்புக்குப் போகும். ஒரே இரும்பில் காற்று கிடைக்கும் இடமும் கிடைக்காத இடமும் அடுத்தடுத்து இருந்து, இரண்டையும் உப்பு ஈரம் இணைத்தால், அது ஒரு குட்டி பேட்டரி. காற்று கிடைக்காத பக்கத்து இரும்பு கரையும். ஒரு துப்பலில் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரே தண்டின் அடியில், ஒரே உயரத்தில், காய்வதற்குள் அடுத்தது விழுந்துகொண்டே இருந்தால்? நாளுக்கு ஒரு லட்சம் வண்டிகளும் அதைவிட அதிகமான நடைபயணிகளும் போகும் பாலம் இது. தொங்குதண்டுகள் 39 ஜோடி. எல்லாம் சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவில், நடக்கிறவன் கைக்கு எட்டும் தூரத்தில் வரிசையாக நிற்கின்றன. தலையில் மூட்டையோடு வேகமாக நடக்கும் ஒருவன் வாயில் இருப்பதைத் துப்ப எங்கே திரும்புவான்? ஆற்றுப்பக்கம் திரும்பினால் காற்று திருப்பிக் கொடுக்கும்.

பறவைகளின் கதை இதற்குத் தம்பி. எச்சத்தில் யூரிக் அமிலமும் அம்மோனிய உப்புகளும் உண்டு. மேலே, மனிதன் துப்ப முடியாத மூட்டுகளிலும் பள்ளங்களிலும் அது குவியும். பாலத்தைப் பராமரித்துவந்த துறைமுகப் பொறுப்புக் கழகம் அதைச் சுரண்டிக் கழுவுவதற்கென்றே ஒப்பந்தக்காரரை அமர்த்த வேண்டியிருந்தது.

ஒரு கணக்கையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போடும் பழக்கம் நம் ஊர் வீதிகளில் உண்டு, வீட்டு வாசற்படி வருடா வருடம் பள்ளமாவது அதனால்தான். பாலத்தில் அப்படிச் செய்தால் என்ன ஆகும்? ஹவுரா பாலத்தின் சாலை 71 அடி அகலம். அதன் முழு நீளத்துக்கும் ஒரே ஒரு சென்டிமீட்டர் தார்க்கலவை கூடினால் 300 டன்னுக்கு மேல் எடை. இருபது பேருந்துகளை நிரந்தரமாக நிறுத்திவைத்ததற்குச் சமம். டிராம்கள் 1993இல் இந்தப் பாலத்திலிருந்து விலக்கப்பட்டபோது குறைந்ததும் இந்த வகைப் பாரம்தான்.

தண்ணீர் மட்டும் சும்மா இருந்ததா? 2005 ஜூன் 24 அன்று, ஆறு ஓதத்தில் உயர்ந்திருந்த நேரத்தில், 'மணி' என்ற சரக்குக் கப்பல் பாலத்தின் அடியில் நுழைந்தது. தண்ணீர் ஏறிய அளவுக்குக் கப்பலும் ஏறியிருந்தது. அதன் புகைபோக்கி பாலத்தின் வயிற்றில் சிக்கி, மூன்று மணி நேரம் அங்கேயே மாட்டிக்கொண்டது. நீளவாட்டு உத்தரங்கள் நெளிந்தன. பாலத்தின் அடிப்பகுதியைப் பரிசோதிக்க ஆட்கள் உட்கார்ந்து போகும் டிராலியின் தண்டவாளம் 350 மீட்டர் தூரத்துக்கு முறுக்கிக்கொண்டு பயனற்றுப் போனது. பாலத்தை வடிவமைத்த ரெண்டல், பால்மர் அண்ட் டிரிட்டன் நிறுவனத்தையே மறுபடி அணுகினார்கள். அறுபது வருடம் கழித்து வந்த வாடிக்கையாளர்!

செப்பனிடத் தேவைப்பட்டது சுமார் 8 டன் எஃகு. சந்தையில் கிடைக்கும் எந்த எஃகையும் வாங்கி ஒட்டிவிடவில்லை. 1943இல் போட்டதற்கு இணையான எஃகு வேண்டும் என்று 'செயில்' நிறுவனத்தைக் கேட்டார்கள். ஏன் இந்தப் பிடிவாதம்? பலம் குறைந்த எஃகைப் போட்டால் தகட்டைத் தடிமனாக்க வேண்டிவரும். தடித்த உறுப்பு விறைப்பானது. பாரம் எப்போதும் விறைத்து நிற்பவன் மேல்தான் அதிகம் இறங்கும். நாலு பேர் பாடை தூக்கும்போது முழங்காலை மடக்காமல் நிமிர்ந்து நடப்பவன் தோள் வலிப்பதைப்போல. பிறகு ரசாயன வேறுபாடு: சேர்மானம் வேறான இரண்டு எஃகு ஈரத்தில் தொட்டுக்கொண்டு இருந்தால், முன்னே சொன்ன குட்டி பேட்டரி அங்கேயும் உருவாகலாம். ஒட்டுப்போடுவது தையற்காரன் வேலையைப்போல. துணியும் ஒத்துப்போக வேண்டும், நூலும் ஒத்துப்போக வேண்டும்.

எச்சிலுக்குக் கண்ட வைத்தியம் இவ்வளவு நுணுக்கமானது அல்ல. அபராதம், எச்சரிக்கைப் பலகை என்று போய்ப் பார்த்துவிட்டுக் கடைசியில், சுமார் 20 லட்சம் ரூபாயில், தண்டுகளின் அடியைக் கண்ணாடியிழைக் கவசத்தால் மூட முடிவு செய்தார்கள். கண்ணாடியிழையில் இரும்பு இல்லை, துருவும் இல்லை. கறை படிந்தால் கழுவிக்கொள்ளலாம். மனிதனைத் திருத்துவதைவிடத் தகட்டை மாற்றுவது மலிவு என்று பொறியாளர்கள் முடிவு கட்டியிருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் தப்பில்லை.

ஆனால் மூடிவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை எப்படி அறிவது? ஒலியை வைத்து. தகட்டின் ஒரு பக்கத்தில் களிம்பு தடவி, தீப்பெட்டி அளவுள்ள கருவி முனையை அழுத்தி, காதுக்குக் கேட்காத ஒலித்துடிப்பை உள்ளே அனுப்புவார்கள். மறுபக்கத்தில் பட்டு எதிரொலி திரும்பும். எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் ஓடும். 6 மில்லிமீட்டர் தகட்டில் போய்வர ஒரு நொடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு ஆகும். எதிரொலி ஒரு பங்கிலேயே வந்துவிட்டால் பாதித் தகட்டைக் காணோம். துருவைத் தடவிப் பார்த்தும் தட்டிப் பார்த்தும் ஊகித்த காலம் போய், இன்று இந்த எண்களை ஒவ்வொரு புள்ளியாக எழுதிக்கொண்டு போகிறார்கள்.

2024 நவம்பரில் ஒரு சனிக்கிழமை நள்ளிரவு பாலத்தைச் சில மணி நேரம் மூடினார்கள். உடல்நலப் பரிசோதனை. வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தால் எஃகு நடுங்கிக்கொண்டே இருக்கும், ஓய்ந்த நிலையில் அது எங்கே நிற்கிறது என்று தெரியாது. போரின் இருட்டில் ஒற்றை டிராம் கடந்து திறந்துவைத்த பாலத்தில் அன்று ராத்திரி மறுபடி வண்டிச் சத்தமே இல்லை. விடியுமுன் திறந்துவிட்டார்கள். கல்கத்தா முனையில், பாலத்துக்கு அடியிலேயே இருக்கும் மல்லிக் காட் பூச்சந்தை அந்த நேரத்தில்தான் சூடுபிடிக்கும். செவ்வந்தி மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கன்னம் உப்பிய ஆட்கள் படியேறி வந்து நடைபாதையில் கலப்பார்கள்.